ரத்தான சான்றிதழும் சரிபார்க்காத மென்பொருளும்

ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டு வழிகளில் முடிவுக்கு வரும். குறித்த நாள் கடந்து தானாகவே காலாவதியாவது ஒரு வழி. அந்த நாள் வருமுன்பே, வழங்கிய நிறுவனம் ‘இனி இதை நம்ப வேண்டாம்’ என்று அறிவித்து ரத்து செய்வது இன்னொரு வழி. காலாவதியைக் கண்டறிவது எளிது. தேதி சான்றிதழுக்குள்ளேயே இருக்கிறது. கணினியின் கடிகாரம் சரியாக ஓடினால் போதும். ரத்து அப்படியல்ல. ரத்தான பிறகும் சான்றிதழில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. கையொப்பமும் தேதியும் முன்பிருந்தபடியே இருக்கும். ரத்துச் செய்தி இருப்பது வேறோர் இடத்தில். அங்கே போய்க் கேட்கும் மென்பொருளுக்கு மட்டுமே அது தெரியும். கேட்காத மென்பொருளுக்கு ரத்தான சான்றிதழும் நல்ல சான்றிதழும் ஒன்றே.

இணையத்தில் சான்றிதழின் வேலை, ‘இந்தப் பொதுச்சாவி இந்த முகவரிக்கு உரியது’ என்று மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டு உறுதி கூறுவது. மதுரையில் ஒருவர் கைப்பேசியில் தம் வங்கியின் தளத்தைத் திறந்தால், வங்கியின் சர்வர் தன் சான்றிதழை அனுப்பும். உலாவி அதிலுள்ள கையொப்பத்தைப் பின்தொடர்ந்து, இடைநிலைச் சான்றிதழ்கள் வழியாக, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மூலச் சான்றிதழ் ஒன்றை எட்ட முடிகிறதா என்று பார்க்கும். எட்டினால் இணைப்பு தொடரும். பொதுச்சாவிக்கு இணையான தனிச்சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தச் சங்கிலி முழுவதும் நிற்கிறது. சர்வருக்குள் நுழைந்த ஒருவர் சாவியை நகலெடுத்துப் போகலாம். முகவரி வேறொருவருக்குக் கைமாறலாம். சான்றளிப்பு நிறுவனமே தவறான ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். அப்படி நம்பிக்கை பொய்த்துப்போகும் இடத்தில்தான் ரத்து தேவைப்படுகிறது.

சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் இதற்குக் கண்டிப்பான விதிகளை வகுத்திருக்கிறது. தனிச்சாவி பறிபோனது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். வேறு பல காரணங்களுக்கு 5 நாள் அவகாசம். வழங்குபவருக்குக் கெடு இருக்கிறது. சோதிக்க வேண்டிய கிளையன்ட் மென்பொருளை இதே அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி இல்லை. இந்தத் துறையில் கால் நூற்றாண்டாகத் தீராத சிக்கலுக்கு வேர் இந்த ஏற்றத்தாழ்வுதான். 2014-இல் இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி, இந்தியாவில் சான்றளிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் தருபவர் சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர். அவரது அலுவலகம் வைத்திருக்கும் மூலச் சான்றிதழின் கீழ்தான் உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களும் இயங்குகின்றன. முதல் உரிமம் 2002-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி குழுமத்தின் சேஃப்ஸ்கிரிப்டுக்குக் கிடைத்தது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசியும் பின்னர் உரிமம் பெற்றது. இந்திய மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்ததால், அதன் கீழ் வழங்கப்படும் எந்தச் சான்றிதழையும் உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகள் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் நிலை இருந்தது.

2014 ஜூலை 2 அன்று, கூகுளின் முகவரிகளுக்கு என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ் வழியாக அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. என்ஐசி, கட்டுப்பாட்டாளர், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூவருக்கும் தகவல் போனது. மறுநாளே, ஜூலை 3 அன்று, என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். என்ஐசியின் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியிருந்ததாகவும், ஜூன் 25 முதல் தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் விசாரணையில் சொல்லப்பட்டது. அவற்றில் மூன்று கூகுளின் முகவரிகளுக்கும் ஒன்று யாஹூவின் முகவரிகளுக்கும் உரியவை. அந்த நான்கில் அடங்காத போலிகளும் தனக்குத் தெரியும் என்று கூகுள் பதில் சொன்னது. ஆகவே ஊடுருவலின் எல்லையை யாராலும் அறுதியிட்டுக் கூற முடியவில்லை. இறுதியில் குரோம் உலாவி, இந்திய மூலச் சான்றிதழை ஏழு முகவரிகளின் கீழ் மட்டும் ஏற்பது என்று சுருக்கிக்கொண்டது. அரசு, என்ஐசி, கல்வி நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, பாங்க் ஆஃப் இந்தியா, என்கோட், டிசிஎஸ் ஆகியவற்றின் முகவரிகள் அவை.

இதில் கவனிக்க வேண்டியது, யார் எதனால் காப்பாற்றப்பட்டார்கள் என்பது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென நம்பிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. இந்திய மூலச் சான்றிதழ் அதில் இல்லாததால் அதன் பயனர்களுக்கு ஆபத்தே எழவில்லை. ஆண்ட்ராய்டும் ஆப்பிள் கருவிகளும் அப்படியே தப்பின. விண்டோஸில் ஓடிய குரோம், கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவிகள் செல்லும் என்பதைத் தன் நிரலுக்குள்ளேயே பதித்து வைத்திருந்ததால் அந்தப் போலிகளை ஏற்றிருக்காது. போதாதற்குக் கூகுள் தன் தடைப்பட்டியலையும் உடனே அனுப்பியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்படுத்தியவர்களும், விண்டோஸின் சான்றிதழ்ச் சோதனையை நம்பியிருந்த மற்ற மென்பொருள்களும்தான் எஞ்சியவர்கள். அவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஜூலை 10 அன்று நம்பிக்கைப் பட்டியலில் தடையைச் சேர்த்து அனுப்பியது. சட்டப்படி ரத்து நடந்தது ஜூலை 3. ஒரு வீட்டிலோ கடையிலோ இருந்த விண்டோஸ் கணினிக்கு அது உறுதியாகச் சென்று சேர வழி பிறந்தது ஒரு வாரம் கழித்து. முறையான ரத்துப் பட்டியல் என்ற ஏற்பாடு அந்த ஒரு வாரமும் இருந்தது. ஆனால் பயனர்களைக் காக்க அது போதும் என்று கூகுளும் நம்பவில்லை, மைக்ரோசாஃப்டும் நம்பவில்லை. இருவரும் தத்தம் சொந்த வழியைத்தான் நாடினார்கள்.

அவர்கள் நம்பாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ரத்துப் பட்டியல் என்பது, சிஆர்எல் என்று துறையினர் சொல்வது, 1988-இல் வெளியான எக்ஸ்.509 தரநிலையிலேயே இடம்பெற்ற பழைய ஏற்பாடு. சான்றளிப்பு நிறுவனம் தான் ரத்து செய்த சான்றிதழ்களின் வரிசை எண்களைத் தொகுத்து, கையொப்பமிட்டு, ஒரு முகவரியில் வெளியிடும். அந்த முகவரி ஒவ்வொரு சான்றிதழுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்ற நாளும் அதில் உண்டு. அதுவரை மென்பொருள் பழைய பட்டியலையே சேமித்து வைத்துக்கொள்ளலாம். முறை எளியது. ஆனால் ஒரே ஒரு சான்றிதழின் நிலையை அறிய முழுப் பட்டியலையும் இறக்க வேண்டும். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை இந்தப் பலவீனத்தை அம்பலமாக்கியது. ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் அந்தப் பிழையால் சர்வர்களின் நினைவகத்திலிருந்து தனிச்சாவிகள் கசியக்கூடும் என்று தெரிந்ததும், கிளவுட்ஃபிளேர் தன் வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை மொத்தமாக ரத்து செய்யச் சொன்னது. அவற்றை வழங்கிய குளோபல்சைன் சான்றளிப்பு நிறுவனத்தின் பட்டியல் ஒன்று 22 கிலோபைட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து மெகாபைட்டாக வீங்கியது. இரண்டாம் தலைமுறைச் சிக்னலில் இணையம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு பக்கத்தைத் திறக்கும் முன் ஐந்து மெகாபைட் இறங்கும்வரை காத்திருப்பார் என்று எந்த உலாவி நிறுவனமும் எதிர்பார்க்க முடியாது.

பட்டியலின் பருமனுக்கு மாற்றாக 1999-இல் வந்தது ஓசிஎஸ்பி நெறிமுறை. முழுப் பட்டியலுக்குப் பதிலாக, ஒரு வரிசை எண்ணை மட்டும் அனுப்பி ‘இது நல்லதா, ரத்தானதா’ என்று மென்பொருள் கேட்கும். சான்றளிப்பு நிறுவனத்தின் சர்வர் கையொப்பமிட்ட சிறு பதிலைத் தரும். காகிதத்தில் அழகான தீர்வு. நடைமுறையில் அது மூன்று புதிய தொல்லைகளைக் கொண்டுவந்தது. பக்கம் திறப்பதற்கு முன் இன்னொரு சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது முதல் தொல்லை. இரண்டாவது, அந்தரங்கம். எந்தப் பயனர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது தொடர்பே இல்லாத ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கேள்வி மறையாக்கம் இல்லாமல் போவதால் வழியில் நிற்பவர்களுக்கும் தெரியும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது: பதில் வராவிட்டால் என்ன செய்வது?

பதில் வராவிட்டால் இணைப்பை மறுப்பது கண்டிப்பான வழி. அதைத் தேர்ந்தெடுத்தால், சான்றளிப்பு நிறுவனத்தின் சர்வர் படுத்துவிடும் ஒவ்வொரு முறையும் அந்நிறுவனம் சான்றளித்த எல்லாத் தளங்களும் சேர்ந்து படுத்துவிடும். மதுரை ரயில் சந்திப்பில் இலவச வைஃபையில் இணையும் பயணி, கடவெண் இட்டு உள்நுழையும் வரை வெளி இணையத்தை எட்ட முடியாது. உள்நுழையும் பக்கத்தின் சான்றிதழைச் சோதிக்கவோ வெளி இணையம் வேண்டும். கண்டிப்பான சோதனை அந்தப் பயணியை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே ஏறத்தாழ எல்லா உலாவிகளும் தளர்வான வழியைத் தேர்ந்தன: ‘ரத்து’ என்று பதில் வந்தால் மறு, பதிலே வராவிட்டால் ஏற்றுக்கொள். இந்தத் தேர்வு பாதுகாப்பின் உயிரையே எடுத்துவிடுகிறது. திருடிய சாவியைப் பயன்படுத்த வேண்டுமானால் தாக்குபவர் பயனருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்றாக வேண்டும். அப்படி நிற்பவருக்கு ஓசிஎஸ்பி கேள்வியை வழியில் விழுங்கிவிடுவது ஒரு சிரமமே அல்ல. தாக்குதல் நடக்காத நாட்களில் ஒழுங்காக இயங்கி, நடக்கும் அன்று மட்டும் செயலிழக்கும் காவல் இது. 2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற ஆய்வாளர் இன்னும் எளிய வழியைக் காட்டினார். கேள்வியை விழுங்கக்கூட வேண்டாம். ‘பிறகு முயல்க’ என்ற பதிலை அனுப்பினால் போதும். அந்தப் பதிலுக்குக் கையொப்பம் தேவையில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மென்பொருள்கள் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டன.

2011-இல் நெதர்லாந்தின் டிஜினோடார் சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுளின் எல்லா முகவரிகளுக்கும் செல்லுபடியான ஒன்று ஈரானில் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் ஐபி முகவரிகள் பாதிக்கப்பட்டதை விசாரணையாளர்கள் கண்டுபிடித்ததே ஓசிஎஸ்பி சர்வரின் பதிவேட்டிலிருந்துதான். அந்தரங்கத்தைக் கசியவிடும் அதே குறைபாடு, குற்றத்தின் அளவைக் காட்டும் சாட்சியாகவும் ஆனது. அதைவிடக் கசப்பான உண்மையும் வெளிவந்தது. ரத்தானவை என்று பட்டியலில் இருப்பவற்றை மட்டுமே அந்த சர்வர் மறுத்தது. தான் வழங்கியதாகத் தன் பதிவேட்டிலேயே இல்லாத எண்ணைக் கேட்டாலும் ‘நல்லது’ என்றது. செப்டம்பர் தொடக்கத்தில், பதிவேட்டில் இருப்பதற்கு மட்டும் ‘நல்லது’ சொல்லும்படி அதன் நடத்தை மாற்றப்பட்டது. 2013-இல் புதுப்பிக்கப்பட்ட நெறிமுறையும், வழங்கவே படாத எண்ணுக்கு ‘ரத்து’ என்று பதில் சொல்ல இடமளித்தது. டிஜினோடார் 2011-லேயே திவாலானது.

தளர்வான சோதனையிலும் பயனர் மாட்டிக்கொள்ள முடியும். 2020 நவம்பர் 12 அன்று ஆப்பிள் தன் புதிய இயங்குதளத்தை வெளியிட்டபோது, செயலிகளை உருவாக்கியவர்களின் சான்றிதழைச் சோதிக்கும் ஆப்பிளின் ஓசிஎஸ்பி சர்வர் திணறியது. சர்வர் முற்றிலும் எட்டாமல் இருந்திருந்தால் மேக் கணினிகள் சோதனையைத் தாண்டிப் போயிருக்கும். அது எட்டியும் பதில் தரத் தாமதித்ததால், உலகெங்கும் செயலிகள் திறக்காமல் நின்றன. இணையத்தைத் துண்டித்துக்கொண்டவர்களின் கணினிகள் மட்டும் வழக்கம்போல் ஓடின. ‘எட்டவில்லை’ என்பதையும் ‘தாமதிக்கிறது’ என்பதையும் பிரித்துக் கையாளாத எந்தக் கிளையன்ட் மென்பொருளுக்கும் இது நேரும். காத்திருக்கும் நேரத்துக்கு உறுதியான வரம்பு வைப்பது இந்தத் துறையில் சிறு விஷயம் அல்ல.

கேள்வி கேட்கும் சுமையைப் பயனரிடமிருந்து எடுத்து சர்வரிடமே கொடுத்துவிடுவது அடுத்த யோசனை. ஸ்டேப்ளிங் எனப்படும் இந்த முறையில், தளத்தின் சர்வரே அவ்வப்போது தன் சான்றிதழுக்கான ஓசிஎஸ்பி பதிலைப் பெற்று, இணைப்பின்போது சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கும். பதிலில் சான்றளிப்பு நிறுவனத்தின் கையொப்பம் இருப்பதால் சர்வர் அதைத் திரிக்க முடியாது. தாமதம் இல்லை, அந்தரங்கக் கசிவும் இல்லை. ஆனால் சாவியைத் திருடியவர் அந்தப் பதிலைச் சேர்க்காமலே இணைப்பைத் தொடங்கலாம். சேர்க்கவில்லை என்பதற்காக உலாவி மறுப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்க, ‘பதில் இல்லாமல் என்னை ஏற்காதே’ என்று சான்றிதழிலேயே எழுதிவிடும் மஸ்ட் ஸ்டேப்பிள் குறிப்பு 2015-இல் தரநிலையானது. ஃபயர்ஃபாக்ஸ் அதை மதித்தது. குரோம் மதிக்கவில்லை. பரவலாகப் பயன்படும் வலை சர்வர் மென்பொருள்களும் பதிலை நம்பகமாகப் புதுப்பித்து வைப்பதில் தடுமாறின. அதனால் குறிப்பை இட்ட தள உரிமையாளர்தான் அவ்வப்போது தம் தளமே திறக்காமல் தவித்தார். நல்ல வடிவமைப்பு ஒன்று செயலாக்கத்தின் அலட்சியத்தால் வீணானதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இதற்கிடையே குரோம் வேறு பாதையில் போய்விட்டது. 2012-இல், இணைப்பு நேரத்தில் கேட்கும் சோதனையையே அது பெரும்பாலும் கைவிட்டது. தாக்குதலின்போது உதவாத சோதனைக்காக எல்லாப் பயனர்களையும் எப்போதும் காக்க வைப்பதில் பொருளில்லை என்பது கூகுளின் ஆடம் லாங்லி முன்வைத்த வாதம். பதிலாக, முக்கியமான ரத்துகளை மட்டும் கூகுளே தேர்ந்தெடுத்து, உலாவிக்குத் தானாக அனுப்பிவைக்கும் சிஆர்எல்செட் வந்தது. என்ஐசி நிகழ்வில் ஒரே நாளில் வேலை செய்தது இதுதான். அவசரத்துக்கு அது பொருத்தமான கருவி, சந்தேகமில்லை. ஆனால் அதன் அளவுக்கு 250 கிலோபைட் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஓர் அளவீட்டு ஆய்வு, மொத்த ரத்துகளில் 0.35 விழுக்காடு மட்டுமே அதில் இருந்ததாகக் கண்டது. எந்தக் கைப்பேசி உலாவியும் ரத்தைச் சோதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பெரிய நிறுவனத்தின் சாவி பறிபோனால் பட்டியலில் இடம் கிடைக்கும். ஒரு சிறு நகரக் கூட்டுறவு வங்கியின் சாவி பறிபோனால் கிடைக்கும் என்று உறுதி இல்லை. பாதுகாப்பு யாருடைய முக்கியத்துவத்தை யார் எடைபோடுகிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடுவது ஏற்கத்தக்கதல்ல.

எல்லா ரத்துகளையும் எல்லாப் பயனரிடமும் கொண்டுசேர்க்க முடியாது என்ற எண்ணத்தைத் தகர்த்தது சிஆர்எல்லைட். 2017-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த இந்த முறை, புளூம் ஃபில்டர் என்ற கணித அமைப்பை அடுக்கடுக்காகப் பயன்படுத்துகிறது. ஓர் உறுப்பு கணத்தில் உண்டா என்று மிகக் குறைந்த இடத்தில் சொல்லும் அமைப்பு அது. சில சமயம் இல்லாததையும் உண்டு என்று தவறாகச் சொல்லும். வழங்கப்பட்ட சான்றிதழ்கள் எல்லாம் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் பொதுவில் கிடைப்பதால், எவை எவை தவறாகக் காட்டப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அடுத்த அடுக்கில் திருத்திவிட முடிகிறது. இறுதியில் தவறே இல்லாத விடை. மொசில்லா இதை மேலும் சுருக்கி, 2025-இல் ஃபயர்ஃபாக்ஸின் கணினிப் பதிப்புகளில் பரவலாக்கியது. நாளொன்றுக்குச் சில நூறு கிலோபைட் புதுப்பிப்பில், யாரையும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், கணினிக்குள்ளேயே சோதனை முடிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக முன்வைக்கப்பட்ட தீர்வுகளில் முழுமைக்கு மிக அருகில் வந்தது இதுவே.

ஆனால் உலாவி மட்டும் கிளையன்ட் மென்பொருள் அல்ல. மதுரைப் பகுதியின் வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் உள்ள எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் எழுதப்படுவது போன்ற நிரல்களை எடுத்துக்கொள்ளலாம். பணப் பரிமாற்றச் சேவையை அழைக்கும் சர்வர் நிரல், மருத்துவமனைக் கணக்கு மென்பொருள், கைப்பேசிச் செயலி எல்லாமே சான்றிதழைச் சோதித்துத்தான் இணைகின்றன. அவற்றின் அடியில் இருக்கும் நிரல் லைப்ரரிகளின் இயல்பு நிலை கவலை தருவது. பைத்தானின் எஸ்எஸ்எல் பகுதி, கேட்டாலன்றி ரத்தைச் சோதிப்பதில்லை. கோ மொழியின் டிஎல்எஸ் பகுதியும் நோட் ஜேஎஸ்ஸும் அப்படியே. ஜாவாவில் டிஎல்எஸ் இணைப்புக்கான ரத்துச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கிறது. தனி அமைப்பு ஒன்றை இட்டு உயிர்ப்பிக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்லில் சோதனையை இயக்கினால், அது பட்டியலைத் தானாகத் தேடிப் போகாது. நிரலாளர்தான் கொண்டுவந்து தர வேண்டும். தராவிட்டால் இணைப்பு முறியும். முறிந்தவுடன் சோதனையை அணைத்துவிட்டு வேலையை முடிப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

விண்டோஸில் கதை தலைகீழ். கர்ல் என்ற கருவி விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு அடுக்கோடு இயங்கும்போது ரத்துச் சோதனையை இயல்பாகவே கண்டிப்புடன் செய்கிறது. கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் உள்ள ஃபயர்வால் கருவிகள் போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பதற்காகத் தாமே உருவாக்கிய சான்றிதழை இடையில் செருகுகின்றன. அதில் ரத்துப் பட்டியலின் முகவரியே இருப்பதில்லை. சோதிக்க இடமில்லாததால் கர்ல் பிழை காட்டி நின்றுவிடும்; கிட் கருவியும் அதே அடுக்கைப் பயன்படுத்தினால் அதே பிழையைக் காட்டும். அறிவுரை கேட்போருக்குக் கிடைக்கும் முதல் பதில், சோதனையை முழுதாக நிறுத்தும் கட்டளை. கர்லின் ஆசிரியர்கள் 2020-இல் நடுவழி ஒன்றைச் சேர்த்தார்கள்: பட்டியல் கிடைக்காவிட்டால் மட்டும் பொறுத்துக்கொள், ரத்து என்று உறுதியானால் மறு. முழுதாக நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். நிறுவனத்தின் உள்வலைக்குள் ரத்துப் பட்டியலையும் ஒழுங்காக வெளியிடுவது அதைவிட மேல். ஃபயர்வாலில் சான்றளிப்பு நிறுவனங்களின் பட்டியல் முகவரிகளுக்கு வழிவிடுவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் நூறு கணினிகளில் சோதனையை அணைப்பது தவறான சிக்கனம்.

கேட்பதற்கே அவசியமில்லாதபடி சான்றிதழின் ஆயுளைக் குறைப்பது இப்போது வேகமெடுத்திருக்கும் வழி. ஏழு நாளில் காலாவதியாகும் சான்றிதழுக்கு ரத்து பெரிதாகத் தேவையில்லை. ஓசிஎஸ்பி பதிலையே பல நாள் சேமித்து வைத்துக்கொள்ள விதிகள் அனுமதித்துவந்ததை எண்ணினால், இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027-இல் 100 நாளாகவும், 2029-இல் 47 நாளாகவும் குறையும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனம் ஆறு நாள் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கியதோடு, மாதத்துக்கு ஏறத்தாழ 34,000 கோடிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவந்த தன் ஓசிஎஸ்பி சேவையை 2025 ஆகஸ்ட் 6 அன்று மூடிவிட்டது. ஃபோரத்தின் விதிகளில் அதற்கு முன்பே பழைய ரத்துப் பட்டியல் மீண்டும் கட்டாயமாகி, ஓசிஎஸ்பி விருப்பத்துக்கு உரியதாகியிருந்தது. ஓசிஎஸ்பியை மட்டும் நம்பி எழுதப்பட்ட கிளையன்ட் நிரல்கள், அந்தச் சேவை மூடப்பட்ட இடங்களில் பதில் பெறாமல், தளர்வு விதியின்படி, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருக்கும். எழுதியவர்கள் அவற்றைத் திறந்து பார்த்துப் பட்டியல் வழிக்கு மாற்ற வேண்டிய நேரம் இது.

ஆயுளைக் குறைக்கும் வழி, மனிதர்கள் கையொப்பமிடும் சான்றிதழுக்குப் பொருந்தாது. நிறுவன இயக்குநர், தணிக்கையாளர், ஒப்பந்தக்காரர், வட்டாட்சியர் ஆகியோர் வைத்திருக்கும் டிஎஸ்சி எனப்படும் மின்கையொப்பச் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை செல்லும். தமிழ்நாடு அரசின் மின்ஒப்பந்தத் தளத்தில் ஏலக்கேட்பு அனுப்பவும், நிறுவன விவகார அமைச்சகத்தின் படிவங்களை ஏற்றவும், நிறுவனங்களின் வருமான வரி அறிக்கையை உறுதிசெய்யவும் அது வேண்டும். இ-சேவை வழியாக மக்கள் பெறும் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இத்தகைய மின்கையொப்பம் தாங்கியே வருகின்றன. தனிச்சாவி ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. அந்த டோக்கனையும் கடவெண்ணையும் தணிக்கையாளர் அலுவலகத்திலேயே விட்டுவைக்கும் பழக்கம் பரவலாக இருப்பதால், இயக்குநர் பதவி விலகிய பின்னும் இறந்த பின்னும் கையொப்பம் மட்டும் தொடரும் ஆபத்து உண்மையானது.

சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பிரிவு 37, சான்றிதழைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இடமளிக்கிறது. உரியவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் 15 நாளுக்கு மேல் அதை நீட்டிக்க முடியாது. பிரிவு 38-இன்படி, உரியவர் கேட்டாலோ, அவர் இறந்தாலோ, நிறுவனம் கலைக்கப்பட்டாலோ ரத்து செய்யலாம். பிரிவு 39 அந்த அறிவிப்பைப் பொதுப் பதிவகத்தில் வெளியிடச் சொல்கிறது. பிரிவு 42 இன்னும் கூர்மையானது: தனிச்சாவி பறிபோனதைச் சான்றளிப்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை, பொறுப்பு உரியவருடையதே. டோக்கன் தொலைந்த அன்றே தகவல் தர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஆவணக் கையொப்பத்தில் சோதனையின் தன்மையும் மாறுகிறது. வலைத்தளத்தின் சான்றிதழ் இந்த நொடியில் நல்லதா என்பதுதான் உலாவியின் கேள்வி. ஆவணத்தில் கேள்வி, கையொப்பமிட்ட நொடியில் அது நல்லதாக இருந்ததா என்பது. 2022-இல் வழங்கிய சான்று 2026-இல் ஒரு கல்லூரிச் சேர்க்கையில் காட்டப்படும்போது, கையொப்பமிட்ட அலுவலரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இடமாற்றத்தால் ரத்தாகியும் இருக்கலாம். அதனால் ஆவணம் பொய்யாகிவிடாது. ஆனால் கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் காட்டும் நேரத்தை மட்டும் நம்பவும் முடியாது. ரத்துக்குப் பிறகு கையொப்பமிட்டுவிட்டுத் தேதியைப் பின்னோக்கித் தள்ளி வைக்க வழியுண்டு. எனவே நேரமுத்திரைச் சேவை ஒன்றின் கையொப்பமும், அன்றைய ரத்துப் பட்டியலோ ஓசிஎஸ்பி பதிலோ ஆவணத்துக்குள்ளேயே பதியப்பட வேண்டும். பிடிஎஃப் தரநிலையில் நீண்டகாலச் சரிபார்ப்பு என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. அது பதியப்படாத ஆவணத்தைத் திறக்கும் மென்பொருள், கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியைக் காட்டக்கூடும். மூலச் சான்றிதழ் மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதே குறிதான். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தாமல் அச்சிட்டுக்கொள்கிறார்கள். அச்சிட்ட தாளிலோ சரிபார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆவணத்தை வாங்கும் அலுவலகம் கோப்பையே பெற்று, இந்திய மூலச் சான்றிதழை ஒருமுறை தன் கணினிகளில் நிறுவி, ரத்துச் சோதனையை இயக்கிவைத்தால், அந்தக் கேள்விக்குறி பச்சை அடையாளமாகவோ சிவப்பு அடையாளமாகவோ பெரும்பாலும் தீர்ந்துவிடும்.